சாப்பாடில்லாத படகு

தட்டில் இட்லி ஆறிப்போகும்வரை ஜோவிதா படகைத் தேர்ந்தெடுக்கவில்லை.

மாலை முட்டுக்காட்டில் இரண்டு குடும்பங்களும் வந்து நிற்கப் போகின்றன. நேரம், கார், யார் யார் வருவது எல்லாம் முடிவாகிவிட்டது. எந்தப் படகில் ஏறுவது என்பதை மட்டும் உதயா அவளிடம் விட்டிருந்தான். "நீதானே குவாலிட்டி செக்‌ஷன்? நீயே செக் பண்ணி பாஸ் பண்ணு" என்று சொல்லிவிட்டு, நேற்று கம்பெனி பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கிப் போனான்.

மறைமலை நகரிலிருந்து தாம்பரம் வரும் அந்த பஸ்ஸில்தான் எல்லாமே ஆரம்பித்தது. ஜி.எஸ்.டி. ரோட்டின் நெரிசலுக்கு நன்றி சொல்ல வேண்டிய இரண்டு பேர் இந்த உலகத்தில் உண்டென்றால், அது இவர்கள்தான். பஸ் நகராத மாலைகளில் பேச ஆரம்பித்தார்கள். பஸ் நகர்ந்த பிறகும் பேச்சு நிற்கவில்லை.

ஓடிப்போவதில்லை, ஒளிந்து பதிவுத் திருமணம் செய்துகொள்வதில்லை, இரண்டு வீடும் வந்து நின்றால்தான் கல்யாணம் என்று இருவரும் கைமேல் கை வைத்துச் சொல்லிக்கொண்டார்கள். சொன்னது சுலபம். இரண்டு வீட்டையும் ஓர் இடத்துக்குக் கொண்டுவருவதற்குள்தான் நுரை தள்ளிவிட்டது.

உதயாவின் அப்பா சிட்டிபாபு, 'பொண்ணைப் பார்க்கிறேன்' என்று போன வாரம் ஒருவழியாக இறங்கி வந்தார். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஏரித் தண்ணீர் பாய்ந்த நிலமெல்லாம் மனைகளாகி, மனைகளெல்லாம் அடுக்குமாடிகளாகிவிட்ட பிறகும், பழைய தெருவில் அவர் குடும்பத்துக்குப் 'பெரிய வூடு' என்றுதான் பெயர். பெரிய வீட்டுக்காரர் பெண்ணைப் பார்ப்பார். ஆனால் பெண்ணின் வீட்டுக்கு வரமாட்டார்.

"வந்தா ஒரு வாய் காபியாவது குடிக்கணும். குடிச்சா அப்புறம் இன்னா, சம்மதம்னு ஆயிடும். முடிவாகாத சம்பந்தத்துல கை நனைக்கிற பழக்கம் எங்க வூட்ல கெடையாது" என்றாராம் மகனிடம்.

"அப்படின்னா நாம பொண்ணைக் கூட்டிக்கிட்டு அவங்க வாசல்ல போய் நிக்கணுமா? நல்லாயிருக்கே நியாயம்!" என்றாள் ஜோவிதாவின் அம்மா செல்வமேரி.

ஹோட்டல் என்றால் சாப்பிட்டாக வேண்டும். கோயில் இவர்களுக்கு ஆகாது, சர்ச் அவர்களுக்கு ஆகாது. வண்டலூர் பூங்கா என்று உதயா ஆரம்பித்ததும், "மருமவளைப் பாக்கறதுக்கு முன்னாடி கொரங்கைப் பாக்கணுமாடா?" என்று சிட்டிபாபு எழுந்து போய்விட்டார். கடைசியில்தான் படகு யோசனை வந்தது. தண்ணீருக்கு வாசல் கிடையாது. யாரும் யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.

ஜோவிதாவின் அப்பா தாவீது மட்டும் எதற்கும் மறுப்பு சொல்லவில்லை. தாம்பரம் ரயில்வே பணிமனையில் மின்சாரப் பிரிவு மேற்பார்வையாளர். அடுத்த வருடம் ஓய்வு. இந்தக் கல்யாணப் பேச்சு ஆரம்பித்த நாளிலிருந்து அவர் சொன்னதெல்லாம், "பையன் நல்ல பையன்மா. உன் இஷ்டம்" என்பது மட்டும்தான். ஜோவிதா அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அவகாசம்தான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, அதாவது நாளைக்கு, உதயாவின் வீட்டார் மதுராந்தகத்தில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போகிறார்கள். சொந்தத்தில் பெண். ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாகிவிட்டது. இன்று மாலை தண்ணீர்மேல் ஏதாவது நடந்தால் உண்டு. இல்லையென்றால் நாளை மதுராந்தகத்தில் அவர்கள் இலை போட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

*

போனில் படகுகள் ஒவ்வொன்றாக மிதந்து போயின. தேடியது முட்டுக்காட்டுப் படகுகளைத்தான். ஆனால் விரல் எப்படியோ கொச்சிக்குப் போய்விட்டது. அங்கே சூரியன் மறையும் நேரத்துக்கென்றே ஒரு படகு இருந்தது. சீன வலைகளுக்குப் பின்னால் வானம் பழுத்து இறங்க, மேல்தளத்தில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. அந்த நாற்காலிகளில் ஒன்றில் ஜோவிதா உட்கார்ந்து பார்த்தாள். பக்கத்து நாற்காலிக்கும் ஆள் வந்தது. காற்றில் அவன் சட்டைக் காலர் படபடத்தது. இருவரும் ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியம் இல்லாத இடம் அது...

போன் அடித்தது. அதே ஆள்.

"முடிவு பண்ணிட்டியா?"

"பெடல் படகு எப்படி?"

"எங்கப்பாவும் உங்கப்பாவும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து மிதிப்பாங்களா?"

"மிதிச்சா எவ்வளவு நல்லாயிருக்கும்!"

"எங்கப்பா மிதிக்க மாட்டாரு ஜோ. உங்கப்பா மட்டும் மிதிப்பாரு. படகு நின்ன இடத்துலயே சுத்தும்."

அவள் சிரித்துவிட்டாள். "ஸ்பீட் போட்?"

"எங்கம்மா தலை கலைஞ்சு, புடவை நனைஞ்சு கரை ஏறினாங்கன்னா, அன்னைக்கோட நம்ம கதை முடிஞ்சுது."

"ரெண்டடுக்குப் படகு ஒண்ணு இருக்கு. கீழே ஏசி, மேலே மொட்டை மாடி மாதிரி. பாட்டு போடுவாங்க. பஃபே."

"பஃபேன்னா சாப்பாடு."

"சாப்பாடுதான்."

பட்டியலிலிருந்து அதுவும் போனது.

"அப்ப சாதா மோட்டார் படகு" என்றாள் ஜோவிதா. "மேல ஒரு கூரை, ரெண்டு பக்கமும் பெஞ்சு. தண்ணி இருக்கும், காத்து இருக்கும், கொக்கு இருக்கும். திங்கிறதுக்கு மட்டும் ஒண்ணும் இருக்காது."

"பாஸ்!" என்றான் உதயா. பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "எல்லாம் முடிஞ்சப்புறம் ஒருநாள் நாம மட்டும் கொச்சிக்குப் போவோம். அங்க ஒரு படகு பார்த்தேன். சன்செட் படகு. மேல்தளத்துல..."

"ரெண்டு நாற்காலி காலியா இருக்கும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

சமையலறையிலிருந்து தேங்காய்ப்பால் கலந்த மாவு எண்ணெயில் பொரியும் மணம் வந்துகொண்டிருந்தது. போனைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். செல்வமேரி அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது.

"எதுக்கும்மா இது? அங்க ஒண்ணும் எடுத்துட்டு வரக்கூடாதுன்னு சொன்னேன்ல?"

"யாரு எடுத்துட்டு வர்றா? நாம தின்ன."

"நாம மூணு பேரும் தின்ன இவ்வளவா?"

"உங்கப்பாவுக்குப் பிடிக்கும்டி" என்றாள் செல்வமேரி, திரும்பிப் பார்க்காமல்.

*

நான்கு மணி வெயில் கேளம்பாக்கம் பக்கமிருந்து சாய்வாக விழுந்து, காயல் முழுவதும் வெள்ளித் தகடு போட்டிருந்தது. சவுக்கு மரங்களுக்கு அப்பால் கடல் இருப்பது தெரியவில்லை. வாசனை மட்டும் வந்தது. தாம்பரத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இப்படி ஓர் உலகம் இருப்பதை ஒவ்வொரு முறையும் ஜோவிதா மறந்துபோவாள். ஒவ்வொரு முறையும் முதல் தடவை போலவே பார்ப்பாள்.

சிட்டிபாபு வெள்ளைச் சட்டை, கரை வேட்டியில் காரிலிருந்து இறங்கினார். ஆள் கொஞ்சம் பருமன். பக்கத்தில் மாம்பழ நிறப் புடவையில் ஜெயஸ்ரீ. அவள் பார்வை ஜோவிதாவின் உச்சந்தலையில் ஆரம்பித்து, செருப்புவரை போய், திரும்பி முகத்துக்கு வந்து நின்றது. பிடித்ததா பிடிக்கவில்லையா என்று அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"வணக்கம் சார். ட்ராபிக் ஒரே பேஜாரு. மேடவாக்கத்துல நின்னுகினே இருந்தோம்" என்றார் சிட்டிபாபு.

"வணக்கங்க" என்று கைகூப்பினார் தாவீது.

எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து ரெண்டடுக்குப் படகு, விளக்குச் சரம் தொங்க, பாட்டோடு துறையை விட்டுக் கிளம்பியது.

"தோ, அதுலதான நாம போறோம்?" என்றார் சிட்டிபாபு.

"இல்லப்பா. இது வேற."

"ஏன்டா? அதுல சாப்பாடுகூட போடறாங்களாமே, பக்கத்து வூட்டு உமாபதி சொல்லினு இருந்தான். மீனு, எறா எல்லாம் கீதாம்."

உதயா தலையில் கை வைத்துக்கொண்டான். "நீங்கதானப்பா கை நனைக்கக் கூடாதுன்னீங்க!"

"அது அவங்க வூட்லடா. இது படகுக்காரன் சாப்பாடு."

"யாரு டிக்கெட் எடுக்கறாங்களோ அது அவங்க சாப்பாடுதான்" என்றாள் ஜெயஸ்ரீ. அவள் வாய் திறந்து சொன்ன முதல் வாக்கியம் அதுதான். "அதுவுமில்லாம இன்னைக்கு சனிக்கிழமை. மீனாம், எறாவாம்."

சிட்டிபாபு போகிற படகையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிரிவில் ஒரு சோகம் இருந்தது. ஜோவிதா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

*

சாதா மோட்டார் படகில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகளைக் கொடுத்தார்கள். பெரிய வீட்டுக்காரர், ரயில்வே மேற்பார்வையாளர், மாம்பழப் புடவை, கம்பெனிக்காரர்கள் எல்லோரும் ஒரே நிறமாகிப் போனார்கள். ஆனாலும் ஏறிய கையோடு பிள்ளை வீட்டார் இடது பெஞ்சில் வரிசையாகவும், பெண் வீட்டார் வலது பெஞ்சில் வரிசையாகவும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஆள் நடக்கும் இடம் எல்லைக்கோடு மாதிரி காலியாகக் கிடந்தது.

படகு இடது பக்கம் சாய்ந்தது.

"இன்னாண்ணே, வெயிட்டெல்லாம் ஒரே பக்கமா கீது!" என்றான் படகோட்டி. "அண்ணே, நீங்க அந்தாண்ட போங்க. அந்த சார் பக்கத்துல. யம்மா, நீ இப்படி வந்து அம்மா பக்கத்துல குந்து."

"நாங்க இங்கயே குந்திக்கிறோம்பா" என்றார் சிட்டிபாபு.

"குந்திக்கலாம். படகு குந்தாதுண்ணே."

வேறு வழியில்லை. சிட்டிபாபு கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லை தாண்டினார். தாவீதுக்கும் செல்வமேரிக்கும் நடுவில் அவருக்கு இடம் கிடைத்தது. ஜோவிதா எழுந்து வந்து ஜெயஸ்ரீக்கும் உதயாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். படகு நிமிர்ந்தது.

"இப்ப சரி" என்று என்ஜினைப் போட்டான் படகோட்டி.

உதயாவின் தோள் அவள் தோளில் பட்டும் படாமலும் இருந்தது. பஸ்ஸில் ஆயிரம் முறை பட்ட தோள்தான். ஆனாலும் இன்று அவன் அம்மாவின் வளையல் சத்தம் இந்தப் பக்கம் கேட்க, தண்ணீர் இரண்டாகப் பிளந்து விரிய, ஜோவிதாவுக்கு இது நிஜம்தானா என்று இருந்தது. கரை சின்னதாகிக்கொண்டே போனது. கரையில் விட்டுவிட்டு வந்த கவலையும் அதோடு சின்னதாகிக்கொண்டே போனது போல ஒரு மயக்கம்.

எதிர் பெஞ்சில் சிட்டிபாபு பேச்சைத் தொடங்கியிருந்தார். பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் அவரால் பேசாமல் இருக்க முடியாது.

"சாருக்கு சொந்த ஊரு எது?"

"இந்தப் பக்கம்தாங்க."

"இந்தப் பக்கம்னா?"

"தாம்பரத்தைச் சுத்தித்தாங்க."

"அட, பழைய ஆளு! அப்ப நம்ம ஏரி தெரியுமே. அந்தக் காலத்துல அந்த ஏரித் தண்ணியில எங்களுக்கு எவ்ளோ நெலம் பாஞ்சுது தெரியுமா? மூணு போகம்! இப்ப எல்லாம் அபார்ட்மென்ட்டு."

"தெரியுங்க" என்றார் தாவீது. பிறகு தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா எப்போதும் குறைவாகப் பேசுபவர். அவர் சும்மா இருந்தது ஜோவிதாவுக்குப் புதிதாகத் தெரியவில்லை.

சிட்டிபாபுவின் கவனம் இப்போது அவள் பக்கம் வந்தது.

"இன்னாம்மா, ஒண்ணு கேக்கறேன். கல்யாணத்துக்கு அப்புறமும் சர்ச்சுக்குப் போவியா?"

படகில் எல்லாக் காதுகளும் நிமிர்ந்தன.

"போவேன் அங்கிள்."

"ம். எங்க அம்மன் கோயில்ல ஆடி மாசம் கூழ் ஊத்துவோம். அதுக்கு?"

"வருவேன்."

"எதுக்கு, கூழ் குடிக்கவா?"

"முதல்ல கிண்டறதுக்கு. குடிக்கிறது அப்புறம்."

சிட்டிபாபு அவளையே பார்த்தார். பிறகு செல்வமேரியிடம் திரும்பி, "பொண்ணை நல்லா பேசக் கத்துக் குடுத்துகிறீங்கோ" என்றார். பாராட்டா புகாரா என்று புரியாமல் செல்வமேரி, "அது தானாவே பேசுங்க" என்றாள்.

பாலத்தைத் தாண்டி, முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால், படகோட்டி என்ஜினை நிறுத்தினான். "கொஞ்சம் சத்தம் போடாம பாருங்க" என்று கை காட்டினான்.

மணல் திட்டில் நாரைகள் நின்றுகொண்டிருந்தன. ஒற்றைக் காலில், எதையோ நினைத்துக்கொண்டு, தண்ணீரில் தங்கள் நிழலையே காவல் காத்துக்கொண்டு. என்ஜின் சத்தம் போன பிறகுதான் உலகத்தில் எவ்வளவு அமைதி இருக்கிறது என்று தெரிந்தது. அலை படகின் வயிற்றைத் தட்டிக்கொடுத்தது. வெயில் மஞ்சளாகி, மஞ்சள் பொன்னாகி, எல்லோர் முகத்திலும் ஒரே மாதிரி பூசியிருந்தது. ஜெயஸ்ரீயின் முகம்கூட அந்த ஒளியில் இளகித் தெரிந்தது. இந்த நிமிடத்தை இப்படியே நிறுத்தி வைக்க முடிந்தால் போதும், கொச்சி வேண்டாம், எதுவும் வேண்டாம் என்று ஜோவிதா நினைத்தாள்.

அந்த அமைதியில் 'டப்' என்று ஒரு மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

செல்வமேரி மடியில் எவர்சில்வர் டப்பா. உள்ளே அடுக்கடுக்காக அச்சு முறுக்கு.

"அம்மா!" என்றாள் ஜோவிதா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"குழந்தைங்க சாப்பிடட்டும்னு எடுத்தேன். பெரியவங்களை நான் கேக்கவே இல்ல" என்ற செல்வமேரி, டப்பாவைச் சரியாகப் பெரியவர்கள் பக்கமாக நீட்டினாள்.

சிட்டிபாபு டப்பாவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி டப்பாவைப் பார்த்தார்.

ஜெயஸ்ரீ கேட்டாள். "இதுல முட்டை சேர்ப்பாங்களே?"

"எப்பவும் சேர்ப்போங்க. இன்னைக்கு சேர்க்கல. நீங்க சனிக்கிழமை சைவம்னு தம்பி முன்னாடியே சொல்லியிருந்தது."

தேங்காய்ப்பால் மணம் படகு முழுக்கப் பரவியது. தூரத்தில் ஒரு நாரை காலை மாற்றி நின்றது. பிறகு மாம்பழப் புடவை குனிந்து, டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து, ஓரத்தில் ஒடித்து, வாயில் போட்டது.

"ஏய், இன்னா பண்ற நீ?" என்றார் சிட்டிபாபு.

"சாப்பிடறேன்."

"முடிவாகறதுக்கு முன்னாடியா?"

"நாம யாரு வீட்டுல இருக்கோம்? தண்ணி மேல இருக்கோம். தண்ணி என்ன அவங்க வீடா?" என்றாள் ஜெயஸ்ரீ. "முட்டை போடாம இவ்வளவு மொறுமொறுன்னு எப்படிங்க வருது?"

"அரிசி மாவை இன்னும் ரெண்டு தரம் சலிக்கணுங்க..."

இதற்குமேல் சிட்டிபாபு எதற்காகக் காத்திருக்க வேண்டும்? இரண்டை எடுத்துக்கொண்டார். ஒன்று முடிவதற்குள் மூன்றாவதையும் எடுத்துக்கொண்டார்.

வேடிக்கை அதோடு முடியவில்லை. ஜெயஸ்ரீ தன் பையைத் திறந்தாள். அதிலும் ஒரு டப்பா! உள்ளே அதிரசம்.

"நீயுமாம்மா?" என்றான் உதயா.

"பின்ன? முதல் தடவையா நாலு பேரைப் பாக்க வர்றோம். வெறுங்கையை வீசிக்கிட்டா வர்றது?"

சாப்பாடே இல்லாத படகாகத் தேடித் தேடித் தேர்ந்தெடுத்தவள் ஜோவிதா. இரண்டு அம்மாக்களும் ஆளுக்கொரு டப்பாவோடு அதில் ஏறியிருக்கிறார்கள். உதயாவைப் பார்த்தாள். அவன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான். ஜெயஸ்ரீ ஒவ்வோர் அதிரசமாகக் காகிதத்தில் வைத்து எல்லோருக்கும் கொடுத்தாள். தாவீதும் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டார். "குப்பையை மட்டும் தண்ணியில போட்றாதீங்க" என்ற படகோட்டிக்கும் ஒன்று போயிற்று.

என்ஜின் மறுபடி உறுமியது. நாரைகள் ஒன்றாக எழும்பின.

*

துறையில் இறங்கியதும் சிட்டிபாபு ஜோவிதாவைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் இறுக்கமாக இருந்தது.

"நாளைக்கு நாங்க மதுராந்தகம் போறோம்மா. பையன் சொல்லிகிறானா?"

"சொன்னாரு அங்கிள்." அவளுக்குக் கால்கள் இன்னும் படகிலேயே இருப்பதுபோல் தரை ஆடியது.

"வாக்கு குடுத்துட்டோம். போவாம இருக்க முடியாது. மரியாதைன்னு ஒண்ணு கீதில்ல?"

"சரிங்க அங்கிள்."

"போவோம், பாப்போம், வருவோம்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "ஆனா அங்க பச்சத்தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டோம். புரிஞ்சுதா?"

புரிய ஒரு வினாடி ஆயிற்று. புரிந்ததும் கண் முன்னால் காயல், பாலம், சவுக்குத் தோப்பு எல்லாம் கலங்கி ஒன்றாகிப் போயின. அவர் தலையை ஆட்டிக்கொண்டே காரை நோக்கி நடந்துவிட்டார். தூரத்தில் உதயா 'என்ன சொன்னார்' என்று புருவத்தால் கேட்டான். அவளால் சிரிக்க மட்டும்தான் முடிந்தது.

*

திரும்பும்போது ஜோவிதாதான் காரை ஓட்டினாள். தாவீது முன்னால். பின்னிருக்கையில் செல்வமேரி, பெரிய வீட்டு அம்மாள் பார்க்கத்தான் விறைப்பு, மனசு தங்கம் என்று பழைய மகாபலிபுரம் சாலைவரை சொல்லிக்கொண்டே வந்து, அப்படியே தூங்கிப்போனாள்.

அந்தி வெளிச்சம் கண்ணாடிக் கட்டடங்களில் பட்டுச் சிவந்தது. ஜோவிதா இன்னும் தண்ணீர்மேல்தான் போய்க்கொண்டிருந்தாள். கல்யாணம் எந்த மாதம், எந்தப் புடவை, கொச்சிக்கு ரயிலா காரா...

சோழிங்கநல்லூர் சிக்னலில் வண்டி நின்றது. திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் மடியில் கைக்குட்டை விரிந்திருந்தது. அதன்மேல் அதிரசம், ஓரம்கூட உடையாமல். எண்ணெய் இறங்கிக் கைக்குட்டையில் வட்டமாகப் படிந்திருந்தது.

"இன்னும் சாப்பிடலையாப்பா? நல்லாயிருந்துச்சே."

"நல்லாத்தான் இருக்கும்மா. அவங்க வீட்டு வெல்லம் எப்பவுமே நல்ல வெல்லம்."

அவள் புரியாமல் பார்த்தாள். தாவீது சிக்னலின் சிவப்பைப் பார்த்தபடியே பேசினார்.

"உங்க தாத்தா அவங்க நெலத்துலதான் வேலை செஞ்சாரு. பெரிய வூட்டு நெலத்துல. நான் சின்னப் பையன், கூடப் போவேன். மத்தியானம் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாடி சோறு போடுவாங்க. நாங்க கையை ஏந்தணும். அவங்க மேலயிருந்து போடுவாங்க. கை பட்டுடக் கூடாதுன்னு."

ஜோவிதாவின் கை ஸ்டியரிங்கில் அப்படியே இருந்தது.

"சிட்டிபாபு சாரா?"

"அவரு அப்ப பள்ளிக்கூடத்துப் பையன். அவருக்கு என்னைத் தெரியாது. தெரியணும்னும் இல்ல."

"ஏம்ப்பா சொல்லல? முதல் நாளே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ அந்தப் பையனை விட்டுடுவே. அவன் நல்ல பையன்." தாவீது கைக்குட்டையைப் பார்த்தார். "அந்தம்மா இன்னைக்கு என் கையைத் தொட்டுத்தான் குடுத்தாங்க. அவங்கமேல எனக்கு ஒண்ணும் இல்ல. நானும் சாப்பிட்டுடலாம்னுதான் பார்த்தேன். ரெண்டு தரம் வாய்வரைக்கும் கொண்டுபோயிட்டேன்."

ஜோவிதா கைக்குட்டையின் எண்ணெய் வட்டத்தைப் பார்த்தாள்.

"இறங்கலம்மா."

அவர்கள் கை நனைப்பார்களா என்றுதான் இத்தனை நாளும் எல்லோரும் கவலைப்பட்டார்கள். எந்தப் படகு, எந்த இடம், எப்படி உட்காருவது என்று எவ்வளவு யோசித்திருந்தாள் ஜோவிதா! அப்பா சாப்பிடுவாரா என்று ஒரு முறைகூட அவள் கேட்கவில்லை.

சிக்னல் பச்சையாயிற்று. பின்னாலிருந்த வண்டிகள் ஒலி எழுப்பின. அதில் செல்வமேரி விழித்துக்கொண்டாள். இருக்கையில் கிடந்த ஜோவிதாவின் போன் ஒளிர்வதைப் பார்த்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"ஏய் ஜோவி! உதயா தம்பி போட்டிருக்குது. அடுத்த ஞாயித்துக்கிழமை நம்ம எல்லாருக்கும் அவங்க வீட்டுல விருந்தாம். அவங்கப்பா நேர்ல வந்து கூப்பிடுவாராம். தலைவாழை இலை போட்டு அவங்கம்மாவே பரிமாறுவாங்களாம்டி!"

தாவீது கைக்குட்டையின் நான்கு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து மெதுவாக முடிந்துகொண்டிருந்தார். ஜோவிதா கியரை மாற்றினாள். மேடவாக்கம் சாலை நீளமாக, விளக்குகளோடு, முன்னால் கிடந்தது.

பின்னாலிருந்து அம்மா மறுபடியும் கேட்டாள்.

"சொல்லுடி, வர்றோம்னு போட்டுடவா?"